கடலை வலப்பக்கம் வைத்து நடந்தவருக்கு

‘ரைட், போலாம்’ அப்பாவுக்கு,

காலில் இரண்டு கொப்புளங்கள். இடது குதிகாலில் ஒன்று, வலது கட்டை விரலுக்கு அடியில் ஒன்று. வேங்கிக்கால் வீட்டு முன்னறையில், உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுதுகிறேன். நாளை மறுநாள் உங்கள் வருஷத் திதி. நீங்கள் பாதியில் விட்ட கடற்கரை நடையை முடித்துவிட்டு நேற்று மதியம்தான் வந்து சேர்ந்தேன். யாரோடு போனாய் என்று கேட்பீர்கள். உங்கள் டிரைவர் ஏழுமலையோடுதான்.

ஆச்சரியமாக இருக்கிறதா? எனக்கும்தான். போன ஒரு வருஷமாக அந்த மனிதரை நம் வாசற்படி மிதிக்க விடவில்லை நான்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியும்படி நீங்கள் இல்லையே. போன தை மாதம் கடலூரிலிருந்து நான்கு நாள் நடை என்று கிளம்பிப் போனவர், மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு வேனில் துணி சுற்றி வந்து இறங்கினீர்கள். மாரடைப்பு என்று அங்கேயே ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டாராம். கூடவே இறங்கிய ஏழுமலை மாமா நேராக அம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்தார். “அண்ணி, என் மடியிலதான் உயிரு போச்சு. தண்ணி கேட்டாரு. குடுத்தேன். ரெண்டு வாயி குடிச்சாரு” என்றார்.

அம்மா அந்த இரண்டு வாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டாள். துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் அதைத்தான் சொன்னாள். “தனியாப் போவல, ஏழுமலை மடியிலதான் போனாரு. தண்ணி குடிச்சிட்டுதான் போனாரு.” சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் தெளியும். வந்தவர்களும் “புண்ணியவான்” என்பார்கள்.

நான் நம்பவில்லை. அன்றைக்கே நம்பவில்லை.

உங்களைக் குளிப்பாட்டும்போது உங்கள் வலது காது நிறைய மணல். வலது கன்னத்தில் மணல் அழுந்திய தடம். மடியில் தலை வைத்துப் போனவருக்குக் காதுக்குள் மணல் எப்படி வரும்? உங்கள் துணிப் பையை நான்தான் பிரித்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்து நீங்கள் தூக்கிப் போன அந்த ஒரே பாட்டிலில் மூடி வரைக்கும் தண்ணீர் இருந்தது. ஏழு மணிக்கு விழுந்தாராம். எனக்கு போன் வந்தது எட்டே முக்காலுக்கு. நடுவில் எங்கே போனார் இந்த ஆள்?

என் தொழில் உங்களுக்குத் தெரியும். கலெக்டர் ஆபீஸுக்கு எதிரில் மனு அடித்துக் கொடுக்கிறவள். திங்கட்கிழமை வந்தால் காலை எட்டிலிருந்து கடை வாசலில் கூட்டம். பங்காளி வரப்பை வெட்டிவிட்டான் என்று ஒருவர் வருவார், பட்டாவில் பேர் மாறிவிட்டது என்று ஒருவர் வருவார். கதையில் ஓட்டை எங்கே என்று மூன்றாவது வரி அடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். “இவகிட்ட பொய் சொல்லிட்டு ஊருல இருக்க முடியாதுப்பா” என்று நீங்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வீர்கள். அப்படிப்பட்டவளிடமே ஒருவர் காது நிறைய மணலோடு ஒரு கதையைக் கொண்டுவந்து கொடுத்தால்?

மனசுக்குள் எத்தனை தடவை மனு அடித்திருப்பேன் தெரியுமா? ‘மேற்படி ஏழுமலை என்பவர் என் தந்தையுடன் சென்றவர்...’ என்று ஆரம்பிப்பேன். அதற்கு மேல் ஓடாது. யாரிடம் கொடுப்பது, என்னவென்று கேட்பது? கேட்டு அவர் சொன்னது பொய் என்று ஆகிவிட்டால் அம்மாவின் அந்த இரண்டு வாய்த் தண்ணீரும் போய்விடும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முப்பதாம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவரிடம், “அம்மா படுத்திருக்காங்க, அப்புறம் வாங்க” என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். இலை போட்டு ஊரே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் வரவே இல்லை. குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அப்பா. நீங்கள் தனியாகக் கிடந்தீர்களா? 

இந்தத் தை பிறந்ததும் போன் போட்டேன்.

“மாமா, அப்பா பாதியில விட்ட நடைய நான் முடிக்கணும். நீங்க கூட வாங்க.”

“வாணாம்மா. வெயிலு ஜாஸ்தி.”

“தை மாசத்துல இன்னா வெயிலு?”

“மணல்ல காலு பொதையும். உனக்குப் பழக்கமில்ல.”

“சரி, வராட்டிப் போங்க. நான் தனியாவே போய்க்கறேன்.”

“ஐயோ, தனியாப் போவாதம்மா!” அவ்வளவு வேகமாக வந்தது பதில். “வர்றேன். நானே வர்றேன்.”

தனியாகப் போனால் நான் எதைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று இந்தப் பதற்றம்? அதையும் குறித்துக்கொண்டேன். உங்கள் மாப்பிள்ளை, “நடந்து போயி இன்னாத்தக் கண்டுபுடிக்கப் போற நீ?” என்று முணுமுணுத்துவிட்டுப் பையைத் தைத்துக் கொடுத்தார். அம்மாவுக்கோ ஒரே சந்தோஷம். பொரி உருண்டை பிடித்துக் கட்டிக் கொடுத்தாள். “ஏழுமலைகூடத்தான போற, அவன் பாத்துப்பான்” என்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

முதல் பஸ்ஸில் கிளம்பிக் கடலூர் தேவனாம்பட்டினம் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமா செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். ராஜகோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவது மாதிரி கடலைக் கும்பிட்டார். அப்புறம் நீங்கள் போட்ட சட்டங்களை ஒன்றுவிடாமல் எனக்கு ஒப்பித்தார். கிரிவலத்தில் மலை எப்போதும் வலப்பக்கம் இருக்க வேண்டும், அதே மாதிரி கடலும் வலப்பக்கம்தான். அதனால் வடக்கே பார்த்து மட்டும்தான் நடப்பீர்களாம், தெற்கே வருவதற்குப் பஸ்தானாம். வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். கிளம்பிவிட்டால் திரும்பி ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலுக்கு எதற்கப்பா கிரிவலச் சட்டம்? கடலைச் சுற்றி வர முடியுமா? பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றிய காலுக்கு எதை ஒட்டி நடந்தாலும் அது வலம்தான் போலிருக்கிறது. சிரித்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இந்த ஆளோடு சேர்ந்து உங்களை நினைத்துச் சிரிக்க எனக்கு இஷ்டமில்லை.

நீங்கள் இரண்டு பேரும் ஒட்டியது பஸ்ஸில். நீங்கள் கண்டக்டர், அவர் டிரைவர். கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் பத்தொன்பது வருஷம் ஒரே வண்டி. அவர் இன்றைக்கும் உங்களைப் பேர் சொல்வதில்லை, ‘கண்டக்டரு’தான். ரிட்டயர் ஆனதும் வீட்டில் உட்கார முடியாமல் இந்தக் கடற்கரை நடையை ஆரம்பித்தீர்கள். வருஷம் ஒரு தடவை, பொங்கல் முடிந்ததும். வரும்போது அம்மாவுக்குக் கருவாடு.

நடக்க ஆரம்பித்ததும் ஒன்றைக் கவனித்தேன். அவர் எனக்குப் பின்னாலேயே வந்தார். நான் நின்றால் நின்றார். குனிந்து கிளிஞ்சல் எடுத்தால் பத்தடி தள்ளி நின்று கடலைப் பார்க்கிற சாக்கில் என்னைப் பார்த்தார்.

“முன்னாடி போங்க மாமா. வழி உங்களுக்குத்தான தெரியும்?”

“வாணாம்மா. நீ போ. நான் பின்னாலயே வர்றேன்.”

“இன்னாத்துக்கு?”

“சும்மாதான்.”

நிலம் அளக்க சர்வேயர் வந்தால், எல்லைக் கல்லைப் பிடுங்கிப் போட்டவன் இப்படித்தான் பின்னாலேயே வருவான். நான் எதைப் பார்க்கிறேன் என்று இவர் பார்க்கிறார். நான் அப்படித்தான் நினைத்தேன்.

பெண்ணையாறு கடலில் சேரும் இடத்துக்கு வந்தோம். நம் சாத்தனூர் அணைத் தண்ணீர் இங்கே வந்துதான் உப்பாகிறது. அதைத் தாண்ட ரோட்டுப் பக்கம் போய், பாலம் ஏறி, மறுபடி மணலுக்கு வர வேண்டும். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், “எங்க போறீங்க?” என்றார். மரக்காணத்துக்கு அந்தாண்ட என்றேன். “ஏன், பஸ்ஸு ஓடலியா?” என்று நிஜமாகவே கவலைப்பட்டார். சரியான கேள்வி. புதுச்சேரிக்கு முன்னாலேயே என் கால் ஓய்ந்துவிட்டது. பொழுது இருக்கும்போதே லாட்ஜில் இரண்டு அறை எடுத்துக்கொண்டோம்.

இரண்டாம் நாள் டீக்கடையில் உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தேன்.

“அப்பா எத்தினி மணிக்கு விழுந்தாரு மாமா?”

“ஏழு இருக்கும்.”

“வெளிச்சம் வந்துடுச்சா?”

“நல்லா வந்துடுச்சும்மா. ஏழரையா இருக்கும்.”

“மொதல்ல ஏழுன்னீங்க.”

“ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவுலதான்.”

“தண்ணிய எந்தக் கையால குடுத்தீங்க?”

டீ கிளாஸைப் பிடித்திருந்த கை நின்றுவிட்டது. “ஏம்மா, மனு அடிக்கிறியா?” என்று சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார்.

அவர் நடையில் ஒரு சாய்மானம் இருந்தது. கேட்டேன். போன வருஷம் கிளிஞ்சல் கிழித்த குதிகால், இன்னும் முழுசாக ஆறவில்லை என்றார். “அப்ப செருப்பு போட்டுக்கலாமே மாமா, மணல்தான?” என்று சாதாரணமாகத்தான் சொன்னேன். முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. மிச்ச டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றார். என்னமோ இருக்கிறது, செருப்பில் என்னமோ இருக்கிறது என்று எனக்குள் ஒரு ஆள் துள்ளினான். அன்று காலாப்பட்டு தாண்டி இருட்டுவதற்குள் ரோட்டுக்கு ஏறிவிட்டோம்.

மூன்றாம் நாள் காலை. வீடுகள் விலகிப்போய் ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, ஒரு பக்கம் கடல். நடுவில் நாங்கள் இரண்டு பேர், எனக்குப் பின்னால் அவர் காலடிச் சத்தம். அது நின்றுவிட்டது. திரும்பினேன்.

“இங்கதாம்மா” என்றார்.

எதுவுமே இல்லை, அப்பா. ஒரு கல், ஒரு குச்சி, எதுவும் இல்லை. நண்டு வளை, காய்ந்த பாசி, யாரோ போட்ட பிஸ்கட் காகிதம். இந்த மணலிலா விழுந்தீர்கள்? எனக்கு அழுகை முட்டியது. அதைத் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

“நீங்க எங்க உக்காந்தீங்க? உக்காந்து காட்டுங்க.”

உட்கார்ந்தார். அறுபத்தைந்து வயசு மனிதர், வாத்தியார் சொன்ன பையன் மாதிரி காலை நீட்டி உட்கார்ந்தார்.

“தலை எந்தப் பக்கம் இருந்துது?”

இடது தொடையைத் தொட்டார். பிறகு வலது தொடையைத் தொட்டார். கை அங்கேயே நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தோப்புக்குள்ளிருந்து ஒரு அம்மா சுள்ளிக் கட்டோடு வந்தாள். பக்கத்து மீனவர் ஊர்க்காரி, பேர் அஞ்சலையாம். மாமாவைப் பார்த்ததும் கட்டைக் கீழே போட்டாள்.

“ஏ பெரியவரே, நீயா? போன வருசம் வந்தவன்தான நீ? அந்தாண்ட இருந்து மூச்சு எறைக்க ஓடியாந்தியே!” என்னைப் பார்த்தாள். “நீ யாரும்மா, அன்னிக்கு எறந்தவரு பொண்ணா? ஐயோ தாயி. நான்தாம்மா மொதல்ல பாத்தேன். சுள்ளி பொறுக்க வந்தப்ப கெடந்தாரு. தூங்குறாருன்னு நெனச்சேன். கட்டு கட்டிட்டுத் திரும்ப வரேன், அப்பிடியே கெடக்குறாரு. தொட்டுப் பாத்துட்டுதான் கத்துனேன். வடக்கால அந்தக் கட்டுமரத்து மேல உக்காந்துகினு இருந்தவரு ஓடியாந்தாரு.”

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. அஞ்சலைக்கு என்னமோ புரிந்து, கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கத்தினேன், அப்பா. வாழ்க்கையில் பெரியவர்கள் யாரையும் அப்படிக் கத்தியதில்லை. “மடின்னீங்க! தண்ணின்னீங்க! எங்கம்மா ஒரு வருசமா அதச் சொல்லிச் சொல்லிதான் சோறு திங்குது! தனியா வுட்டுட்டுப் போயி உக்காந்திருக்கீங்க!”

“ஆமாம்மா” என்றார்.

ஒரே வார்த்தை. ஒரு வருஷமாக நான் துரத்திய வார்த்தை. பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார், மணலைப் பார்த்துக்கொண்டு.

“முந்தின நாளு கிளிஞ்சலு கிழிச்சிடுச்சு. காலு வீங்கிப்போச்சு. காலைல கிளம்பறப்ப செருப்ப மாட்டிட்டேன். கொஞ்ச தூரம் போனப்புறம் கண்டக்டரு பாத்தாரு. ‘செருப்பு போட்டுகினு வலம் வர்றவன்கூட நான் நடக்க மாட்டேன், நீ ரோட்டு மேல போயி பஸ்ஸு ஏறு’ன்னாரு. எனக்கு ரோஷம் வந்துடுச்சும்மா. ‘நீ யாரு என்னை எறக்கி வுடறதுக்கு, இது இன்னா உன் வண்டியா’ன்னு சொல்லிட்டு, விறுவிறுன்னு முன்னாடி நடந்துட்டேன்.”

“திரும்பியே பாக்கலையா?”

“பாக்கல.”

“ஏன்?”

“வலம் போறவன் திரும்பக் கூடாதுன்னு அவருதான...” என்று ஆரம்பித்தவர் தலையை ஆட்டிக்கொண்டார். “இல்லம்மா. அது சாக்கு. இனிமே பொய் சொல்லல. பத்தொம்போது வருசம் அவருகூட தெனம் சண்டை. சண்டை வந்தா நான் ஸ்டேரிங்கப் புடிச்சுகினு நேரா ரோட்டப் பாத்துகினு உக்காந்துடுவேன். பின்னால திரும்ப மாட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டு விசிலு வரும். வந்தா கோவம் தீந்துச்சுன்னு அர்த்தம். வண்டிய எடுப்பேன். அன்னிக்கும் அப்பிடித்தான் கட்டுமரத்து மேல உக்காந்துகினு இருந்தேன். வந்து நாலு வார்த்த திட்டுவாரு, அப்புறம் சேந்து போலாம்னு. வெயிலு சோத்தாங்கைப் பக்கம் சுட ஆரம்பிச்சுது. அப்பவும் இன்னாடா இந்த மனுசன் இவ்ளோ வீம்பு பண்றாருன்னுதான் திட்டிகினு இருந்தேன். அப்பதான் அந்தம்மா கத்துச்சு.”

“எவ்ளோ நேரம்?”

“ஒரு மணி நேரம் இருக்கும்மா. நான் வந்து தூக்கறப்ப ஒடம்பு சில்லுனு ஆயிடுச்சு.”

கடல் பாட்டுக்கு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, “வேன்ல வர்றப்ப மடியிலதாம்மா வெச்சுகினு வந்தேன். மரக்காணத்துலேர்ந்து நம்ம ஊரு வரைக்கும். அது மட்டும் பொய்யில்ல” என்றார்.

கண்டுபிடித்துவிட்டேன், அப்பா. நீங்கள் தனியாகத்தான் கிடந்தீர்கள். என் சந்தேகம் நூற்றுக்கு நூறு சரி. ஜெயித்தவள் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். மணலில் உட்கார்ந்து அழுதேன். அந்த ஆளை அடிக்க வேண்டும் போல் இருந்தது. அவரைவிட உங்களை அடிக்க வேண்டும் போல் இருந்தது. ஒரு செருப்புக்காகவா? கால் வீங்கிப்போன மனிதன் செருப்புப் போட்டால் உங்கள் கடல் கோபித்துக்கொள்ளுமா?

இப்போது என் சந்தேகம் உங்கள் மேல். நெஞ்சு வலித்தபோது அவரைக் கூப்பிட்டீர்களா? கடைசி சீட்டிலிருந்து நீங்கள் குரல் கொடுத்தால் நம் டிரைவருக்கு மட்டுமா, எதிரில் வருகிற வண்டியின் டிரைவருக்கும் கேட்கும். தை மாதக் காற்று வடக்கிலிருந்து அடிக்கும், குரலைப் பின்னால் தள்ளியிருக்கும் என்கிறார் மாமா. உங்களைக் காப்பாற்றப் பார்க்கிறார். சரி, போன் சட்டைப் பையில்தானே இருந்தது? அன்று காலை அதிலிருந்து ஒரு அழைப்புகூடப் போகவில்லை, நான் பார்த்துவிட்டேன். கை வரவில்லையா? நேரமே இல்லையா? இல்லை, அவன்தானே போனான், அவனே வரட்டும் என்று இருந்துவிட்டீர்களா? இதற்கு யாரிடம் மனு கொடுப்பது?

மாமா அங்கேயே நடையை முடித்துவிடலாம் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பையைத் திறந்து செருப்பை எடுத்து முன்னால் போட்டேன். “போடுங்க மாமா” என்றேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாட்டிக்கொண்டார். மறுபடியும் பின்னால் போகப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஏன் மூன்று நாளாக இந்த மனிதர் பின்னாலேயே வருகிறார் என்று. நான் விழுந்தால் பார்க்க வேண்டும் அவருக்கு. “பக்கத்துலயே வாங்க” என்றேன். அதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கோபம் அப்படியே இருந்தது. நான்காம் நாள் ஆலம்பரை இடிந்த கோட்டை வரை அவரோடு நடந்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் நான், பக்கத்தில் அவர். கீழ்பென்னாத்தூரில் இறங்க எழுந்தவர் குனிந்து, “அண்ணிகிட்ட நீயே சொல்லிடும்மா. என்னால முடியாது. ஆனா தெரியணும் அவுங்களுக்கு” என்றார். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று அப்போதே முடிவெடுத்திருந்தேன். அவர் பொய் சொல்லியிருக்கட்டும், அம்மா நன்றாக இருந்தால் போதும். ஒரு வருஷமாக உண்மை உண்மை என்று குதித்தவள்தான், ஊர் வருவதற்குள் இப்படி மாறிப்போனேன்.

வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா கூடத்தில் முறத்தை வைத்துத் திதிக்கு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கால் கொப்புளத்தைப் பார்த்து, “ஐய, இன்னாடி இது” என்று பதறினாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

“அந்த எடத்தப் பாத்தியா? ஏழுமலை மடியில வெச்சிருந்த எடத்த?”

“பாத்தேம்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். வாய் வரவில்லை. அடுத்தவர் பொய்யைப் பிடித்தே பழகியவளுக்குச் சொந்தமாக ஒரு பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு, சண்டை, கட்டுமரம், அஞ்சலை, எல்லாவற்றையும்.

முறம் நின்றுவிட்டது.

“தண்ணி?” என்றாள்.

“இல்லம்மா.”

அவள் உளுந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவி, அவளிடம் இருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவள் கேட்ட அடுத்த கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

“அவன் எவ்ளோ நேரம் உக்காந்துகினு இருந்தானாம்?”

“ஒரு மணி நேரம்.”

“திரும்பிப் பாக்காமலா?”

“ம்.”

அம்மா முறத்தைத் தள்ளி வைத்தாள். “கிரிவலத்துல எத்தினி வாட்டி நான் உங்கப்பாகூட சண்டை போட்டுகினு முன்னாடி நடந்து போயிருக்கேன் தெரியுமாடி? எங்கனா ஒரு ஓரமாப் போயி உக்காந்துக்குவேன். செத்தாலும் திரும்பிப் பாக்க மாட்டேன். அவரு வந்துடுவாரு. ஒண்ணுமே நடக்காத மாதிரி பக்கத்துல வந்து நின்னுகினு, ‘இன்னா, போலாமா?’ம்பாரு. ஒரு வாட்டிகூட வராம இருந்ததில்ல.” சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். “நானா இருந்தாலும் அன்னிக்கு உக்காந்துகினுதாண்டி இருந்திருப்பேன். எப்பவும் வந்துடுவாரே அந்த மனுசன். எப்பவும் வந்துடுவாரே.”

உங்கள் உடம்பு வந்த அன்றைக்கு அம்மா இப்படி அழவில்லை, அப்பா. நான் பிடித்துக்கொண்டேன். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவனத் திதிக்கு வரச் சொல்லு. எலையில வந்து உக்காரச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு” என்றாள். இது நடந்து ஒரு நாளாகிறது. இன்னும் நான் அவருக்கு போன் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை? யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அவரே செய்யட்டும் என்று இருக்கிறேன். அம்மாவிடம் சொன்னாயா என்று அவராகக் கேட்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று போனை எதிரிலேயே வைத்துக்கொண்டு நேற்றிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். யார் ரத்தம் இது?

வெந்நீர் ஆறிவிட்டது. இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் அவர் நம்பரைத்தான் போடப் போகிறேன். இன்றைக்கு மட்டுமில்லை. உங்கள் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அப்பா. யார் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் சரி, தப்பு யார் பக்கம் இருந்தாலும் சரி, இனி முதலில் கூப்பிடுவது நானாகத்தான் இருப்பேன். அவர்களே வரட்டும் என்று கிடக்க மாட்டேன்.

உங்கள் வீம்பு முழுவதையும் வாங்கிக்கொண்டு பிறந்த
மகள் தேவகி